காலையக்கா

என் குரல் எனக்கே பிடிக்காது. சும்மா பேசினாலும் சண்டைக்கு வருகிற மாதிரி இருக்கும் என்று என் தங்கை வினிதா சொல்வாள். அந்தக் குரலைத்தான் திட்ட மேலாளர் கௌதம் எங்கிருந்தோ தேடிப் பிடித்து, ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, "சிரிச்சுக்கிட்டே பேசுங்க சத்யப்ரியா, சிரிச்சா போன்ல கேக்கும்" என்று சொல்லி நாள் முழுக்கப் பதிவு செய்தார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டே பேசித் தொலைத்தேன். அதற்குப் பிறகு அதே அலுவலகத்தில் வேலையும் கிடைத்தது.

கொரோனா போன பிறகு, ஓசூர் ஆலைகள் மறுபடி ஒரு நாள்கூட மூடக் கூடாது என்று வெளிநாட்டு அமைப்பு ஒன்று காசு கொடுத்து ஆரம்பித்த திட்டம் அது. 'விழுந்து எழும் நாடுகளுக்கு எளிய தொழில்நுட்பம்' என்று அலுவலக வாசலில் பெரிதாக எழுதியிருக்கும். சிப்காட்டைச் சுற்றி இருக்கிற லைன் வீடுகளுக்கெல்லாம் தினமும் காலை ஆறு மணிக்குப் போன் போகும். பெரிய போன் வேண்டாம், எதையும் அழுத்த வேண்டாம், வாயால் பதில் சொன்னால் போதும். "வணக்கம்ங்க, வீட்ல எல்லாரும் நல்லா இருக்கீங்களா? புதுசா யாராச்சும் வந்திருக்காங்களா? யாராச்சும் ஊருக்குப் போயிருக்காங்களா?" என்று கேட்பது என் குரல். பதிலைப் புரிந்துகொள்வது மெஷின். ஜுரம், இருமல் என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து வந்தால் அந்த வீடு சிவப்பு. அந்த வீட்டு ஆளுக்கு ஆலை கேட் திறக்காது, நர்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போவார். அப்படி எதுவும் வராவிட்டால் பச்சை. நேற்று என்ன நிறமாக இருந்தாலும் இன்றைய பதிலை வைத்து மெஷினே புதிதாகப் போட்டுக்கொள்ளும்.

மெஷினுக்குப் பேசக் கற்றுக் கொடுத்தவன் தௌசிப். கிருஷ்ணகிரிப் பையன், நல்ல பிள்ளை. ஜொரம், ஜ்வரா, காச்சல், மேலு சுடுது, தலை பாரமா இருக்குது என்று தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் ஊர் ஊராகப் போய் வார்த்தை பொறுக்கிக்கொண்டு வந்தான். "ஜனங்க எப்படிச் சொன்னாலும் இதுக்குப் புரியும்கா" என்று அவன் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை இருக்கும். எனக்கும் பெருமைதான், மறைப்பானேன்.

லைன் வீட்டு ஜனங்கள் அந்தக் குரலுக்குக் 'காலையக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "காலையக்கா பேசிடுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். ஒருநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் பேகம் கடையில் டீ கேட்டேன். அந்தம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அடி ஆத்தி, நீதானா அது? எம் புருசன் எழுந்திரிக்கிறதே ஒன் சத்தத்துலதாம்மா" என்றார். காசு வாங்க மாட்டேன் என்று வேறு சண்டை.

விருந்தாளி வந்தால் சொல்வதற்கும் ஒரு பதில் பதிவு செய்திருந்தோம். முதலில் அது நீளம். வந்தவருக்கு ஜுரம் உண்டா, எந்த ஊரிலிருந்து வருகிறார் என்றெல்லாம் கேட்கும். போன் பேசி முடிப்பதற்குள் ஷிப்டு பஸ் போய்விடுகிறது என்று ஆலைகளிலிருந்து புகார் வந்தது. கௌதம் கத்தரி போட்டார். கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: "ரொம்ப சந்தோஷங்க. அம்மாவ நல்லா பாத்துக்கோங்க. இன்னிக்கு உங்க வீடு பச்சை." வந்தது அத்தையானால் அத்தை, மாமாவானால் மாமா. யாராவது கிளம்பிப் போயிருந்தால், "அப்படிங்களா, பத்திரமா போயிட்டு வரச் சொல்லுங்க." எல்லாமே சிரித்த குரல், முடிவில் அதே பச்சை.

பங்குனி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. எங்கள் அலுவலகத்துப் பெரிய திரையில் ஊரின் வரைபடம் இருக்கும். வீட்டுக்கு ஒரு புள்ளி, பச்சை அல்லது சிவப்பு. விருந்தாளி வந்த வீட்டின் மேல் சின்னதாக ஒரு பெட்டிப் படம் தெரியும். அந்த மாதம் சென்னப்பன் லைனில் பெட்டிகள் கூடிக்கொண்டே போயின. முதலில் ஓரத்து வீட்டில் ஒன்று. அப்புறம் அதற்கு எதிர் வீட்டில். அப்புறம் வரிசையாக. பெட்டியைத் தொட்டுப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே உறவு: அம்மா.

"என்னா தௌசிப், ஊர்ல இருக்கிற அம்மாவெல்லாம் ஒரே லைனுக்கா வர்றாங்க? பஸ்ல எடமே இருக்காதே" என்றேன்.

"லீவு விடப் போறாங்கல்லக்கா. பேரப் பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போக வருவாங்க."

கௌதமுக்கு ஒரே குஷி. அவர் பெங்களூரில் படித்து வளர்ந்தவர். எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு படம் போட்டுவிடுவார். "பாத்தீங்களா, ஜனங்களுக்குப் பயம் போயிடுச்சு. ஒறவுக்காரங்க வர ஆரம்பிச்சிட்டாங்க. இதுதான் மீட்சி" என்று சொல்லி, காசு கொடுத்த வெளிநாட்டுக்காரர்கள் பார்க்க வரும் நாளுக்காக அதையே பெரிய படமாகப் போட்டு வைத்தார். பச்சைத் தோட்டத்தில் மஞ்சள் பெட்டிகள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

வினிதா இருப்பதும் அந்த லைனில்தான். ஒன்பதாம் மாதம். அவள் புருசன் முத்துக்குமார் திருநெல்வேலிப் பக்கம், ஆலையில் வேலை. வாரம் ஒரு தடவை நான் போய் அவளைப் பார்த்துவிட்டு வருவேன். அந்த வாரம் கிளம்புவதற்கு முன் போன் செய்தபோது, "இப்ப வராதக்கா" என்றாள்.

"ஏன்டி?"

"வேணாம்கா. நானே சொல்றேன், அப்பறமா வா."

"என்னாடி, அவன்கூடச் சண்டையா?"

"அதெல்லாம் இல்லக்கா. ஒனக்குத் தெரியாதா என்ன? வையி."

எனக்கு வந்ததே கோபம். வயிற்றுப் பிள்ளைக்காரி என்று மாங்காய், நெல்லிக்காய் எல்லாம் வாங்கி வைத்திருந்தேன். பெற்றவள் இல்லாத குறை தெரியக் கூடாது என்று நான் ஓடுகிறேன், இவள் வராதே என்கிறாள். போடி உன் வீட்டுக்கு இனி யார் வருகிறார்கள் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

வெளிநாட்டுக்காரர்கள் வருகிற நாள். காலையிலேயே அலுவலகத்தில் பூங்கொத்து, பிஸ்கட், குளிர்ந்த தண்ணீர். ஒரு குடும்பத்தை மட்டும் திரையில் பெரிதாகக் காட்டலாம், விருந்தாளி வந்த குடும்பமாக இருந்தால் நன்றாக இருக்கும் என்றார் கௌதம். கோபம் ஒருபக்கம் இருந்தாலும் எனக்கு ஆசை வந்துவிட்டது. என் தங்கை வீட்டையே காட்டுகிறேனே என்று சொல்லி அவள் வீட்டுப் புள்ளியைத் தொட்டேன்.

பச்சை. மேலே பெட்டி. விருந்தினர்: அம்மா. நான்கு நாட்களாக.

எங்கள் அம்மா கொரோனா இரண்டாம் அலையில் போய்விட்டாள். ஊத்தங்கரையிலிருந்து கிளம்பிய ஆம்புலன்சிலேயே, பாதி வழியில். மூட்டையாகக் கட்டித்தான் கொடுத்தார்கள், முகத்தைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. முத்துக்குமாரின் அம்மாவோ அவன் பால் குடிக்கிற வயதிலேயே செத்துப்போனவள். அந்த வீட்டுக்கு வருவதற்கு ஒரு அம்மாவும் உயிரோடு இல்லை.

"தௌசிப், இந்த வீட்ல பேசுனத போடு."

"எதுக்குக்கா?"

"போடுறா!"

போட்டான். முதலில் நான். சிரிக்கிறேன். "வீட்ல எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" பிறகு வினிதா. தூக்கக் கலக்கம் போல, மூச்சு வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக: "அம்மா... வந்திருக்காங்க." உடனே நான், "ரொம்ப சந்தோஷங்க. அம்மாவ நல்லா பாத்துக்கோங்க. இன்னிக்கு உங்க வீடு பச்சை."

"இன்னொரு வீடு போடு" என்றேன். அவளுக்குப் பக்கத்து வீடு, ஆஞ்சப்பன். "புள்ளைங்க மூணு பேருக்கும் அம்மா வந்திருக்காங்க. மூஞ்செல்லாம் முத்துப் போட்டிருக்கா." நான்: "ரொம்ப சந்தோஷங்க." ஓரத்து வீடு முனிலட்சுமி. "எங்க பெரியவனுக்கு அம்மா வந்து எறங்கிட்டாங்கோ, இப்ப சின்னவனுக்கு வந்திருக்காங்கோ." நான்: "அம்மாவ நல்லா பாத்துக்கோங்க."

அடக் கடவுளே. அம்மை.

அம்மை போட்டால் அதை நோய் என்று வாயால் சொல்வார்களா? ஜுரம் என்பார்களா? அம்மா வந்திருக்காங்க என்றுதானே நம் ஜனம் சொல்லும். அதையும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிய மாட்டார்கள். வெளியாளை வராதே என்பார்கள், காரணம் கேட்டால் சிரிப்பார்கள். என்னிடம் வினிதா செய்தது அதைத்தான். ஆனால் மெஷின் கேட்டதற்கு ஒவ்வொரு வீடும் ஒளிக்காமல் பதில் சொல்லியிருக்கிறது. அந்த லைனில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை.

தௌசிப் பேச்சை நிறுத்தினான். "எங்க வீட்லயும் அப்பிடித்தான்கா சொல்லுவாங்க" என்றான் மெதுவாக. "எனக்குத் தோணவே இல்லியே."

எனக்குச் சின்ன வயதிலேயே போட்டுவிட்டது. அப்போது வினிதாவை மத்தூர் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அவளுக்கு வரவே இல்லை. வராதவளுக்கு, அதுவும் நிறைமாதத்தில் வந்தால் என்ன ஆகும் என்று எனக்கு அரைகுறையாகத் தெரியும். தெரிந்த அரைகுறையே போதுமாக இருந்தது. நான் கௌதமிடம் ஓடினேன்.

"சார், அந்த லைன் முழுக்க அம்மை. எல்லாத்தையும் சிவப்பாக்குங்க. நர்ஸ அனுப்புங்க. ஆலைங்களுக்குச் சொல்லுங்க."

அவர் திரையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். கீழே கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. "சத்யப்ரியா, ஒரு மணி நேரம் குடுங்க. அவங்க பாத்துட்டுப் போகட்டும். மத்தியானம் மாத்திடலாம். அம்மைதானே, கொரோனா இல்லையே."

"உங்க மத்தியானத்துல இடி விழ" என்றேன். படியில் பூங்கொத்தோடு ஏறி வந்தவர்களை இடித்துக்கொண்டு இறங்கினேன். பின்னாலேயே தௌசிப் பைக் சாவியோடு ஓடி வந்தான்.

சென்னப்பன் லைன் பகலிலேயே அடங்கிக் கிடந்தது. வழக்கமாகக் குழாயடியில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு இருக்கும். அன்றைக்கு ஒரு குடம்கூட இல்லை. எதிரும் புதிருமாக எல்லாக் கதவு நிலையிலும் வேப்பிலை. சில வாசலில் காய்ந்து சுருண்டது, சில வாசலில் அன்று காலை செருகியது. வேப்பிலை நாற்றமும் மஞ்சள் நாற்றமும் தெரு முழுக்க நின்றது. திரையில் நான் பார்த்து ரசித்த பெட்டிகள் இவைதான்.

வீட்டுக்காரர் சென்னப்பன் கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுந்து, ஏன் வந்தாய் என்று கன்னடத்தில் கேட்டார். "யாக்கம்மா பந்தே? உள்ள போகாதம்மா, அம்மா இருக்காங்க."

நான் நிற்கவில்லை. வினிதா வீட்டு வாசலில் முத்துக்குமார் குறுக்கே வந்தான். ஆலைச் சட்டை போட்டிருந்தான், மத்தியான ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறான். அவனுக்குத்தான் தினமும் பச்சை ஆயிற்றே. இத்தனை நாளும் அந்தச் சட்டையோடு பஸ்ஸில், கேண்டீனில், ஆலை மெஷின் வரிசையில் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றிருக்கிறான் என்ற நினைப்பு வந்தது. அதை அப்போது நினைத்து என்ன பிரயோசனம்.

"மதினி, உள்ள வராதிய. வெளியாளு வரப்பிடாது."

"தள்ளு."

"முனிலட்சுமியக்கா பாத்துக்கிடுதாவ. மூணு தண்ணி ஊத்துனா சரியாயிருமாம். இப்ப மருந்து மாத்திர ஆவாதாம்."

"தள்ளுறா, அறைஞ்சிடுவேன்!"

வேப்பிலை பரப்பிய பாயில் வினிதா ஒருக்களித்துக் கிடந்தாள். முகம், கழுத்து, கை என்று ஒரு விரல் வைக்க இடமில்லை. வயிறு மட்டும் மேடாக, மூச்சுக்கு மூச்சு தூக்கித் தூக்கிப் போட்டது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. முனிலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்கொத்தால் வீசிக்கொண்டிருந்தாள். அவள் கண்ணிலும் பயம் இருந்தது. பாவம், அவளுக்குத் தெரிந்ததை அவள் செய்துகொண்டிருந்தாள்.

"வினிதா, ஏன்டி என்கிட்ட சொல்லல? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா பாவி?"

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்க்க நேரம் ஆயிற்று. பார்த்ததும் சிரிக்கப் பார்த்தாள்.

"சொன்னேனேக்கா... தெனமும் சொன்னேன். நீதான பேசுற. அம்மாவ நல்லா பாத்துக்கோன்னு நீதான சொன்ன."

"அது மெஷின்டி."

"தெரியும்கா... ஆனாலும் ஒன் கொரல் இல்லியா. ஒனக்குத் தெரியும்னுதான்..."

அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. நான் பாயோடு அவளைத் தூக்கச் சொல்லிக் கத்தினேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் என் தொண்டை கட்டிவிட்டது.

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்ததுமே ஓடினார்கள். நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது, இனி காத்திருக்க முடியாது, பிள்ளையை எடுத்துவிடுகிறோம் என்றார்கள். முத்துக்குமார் கையெழுத்துப் போட்டான். பெண் குழந்தை. என்னிடம் தராமல் கண்ணாடிப் பெட்டியில் வைத்து நேரே கொண்டுபோனார்கள். போகிற வேகத்தில் ஒரு சின்னக் காலைத்தான் பார்த்தேன், சிவப்பாக உதைத்துக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா கோபமாகத்தான் வெளியே வந்தார். "என்னம்மா இது, இத்தனை நாள் வச்சிருந்தீங்க? ஒருத்தர்கூடவா யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னாங்க" என்றேன். "தெனமும் சொன்னாங்க."

சாயங்காலம் தௌசிப் போன் செய்தான். வந்தவர்கள் போய்விட்டார்களாம், ரொம்பப் பாராட்டினார்களாம். சென்னப்பன் லைனைக் கௌதம் சிவப்பாக்கிவிட்டார். பக்கத்து லைன்களிலும் பேச்சைப் போட்டுக் கேட்கிறார்களாம், அங்கேயும் அம்மா வந்திருக்கிறாளாம், இரண்டு ஆலைகளுக்கு விஷயம் போயிருக்கிறதாம். "வார்த்தையச் சேத்துட்டேன்கா. அம்மா வந்திருக்காங்க, முத்துப் போட்டிருக்கு, தண்ணி ஊத்தணும், எல்லாத்தையும் சேத்துட்டேன். இனிமே தப்பாது" என்றான். நல்ல பிள்ளை, அவனை என்ன சொல்ல. சரிப்பா என்று வைத்துவிட்டேன்.

விடிகிற நேரத்தில் உள்ளே கூப்பிட்டார்கள். நானும் முத்துக்குமாரும் போனோம். திரை போட்டு மறைத்த கட்டிலில் வினிதா கிடந்தாள். மெஷின்களை எல்லாம் கழற்றிவிட்டிருந்தார்கள். மூச்சுக்கு மூச்சு தூக்கிப்போட்ட அந்த உடம்பு அசங்காமல் கிடந்தது. இந்த முறை முகத்தைப் பார்க்க விட்டார்கள். அம்மாவுக்குக் கிடைக்காதது இவளுக்குக் கிடைத்தது, அவ்வளவுதான். எனக்கு அழுகைகூட வரவில்லை. கட்டிப்போன தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தோம். முத்துக்குமார் மடியில் அவளுடைய துணிப்பை. குழந்தைக்கென்று அவள் எடுத்து வைத்திருந்த பழைய வேட்டித் துணி, ஒரு ஸ்வெட்டர், அவளுடைய போன்.

போன் அடித்தது. ஆறு மணி.

பழக்க தோஷம், முத்துக்குமார் எடுத்துக் காதில் வைத்தான். ஆஸ்பத்திரி நடை அமைதியாக இருந்ததால் எனக்கும் நன்றாகக் கேட்டது.

"வணக்கம்ங்க. வீட்ல எல்லாரும் நல்லா இருக்கீங்களா? புதுசா யாராச்சும் வந்திருக்காங்களா? யாராச்சும் ஊருக்குப் போயிருக்காங்களா?"

கூடப் பிறந்தவளிடம் சொல்கிற மாதிரி, அவன் உடைந்து சொன்னான்.

"வினிதா போயிட்டா."

மெஷின் ஒரு நொடி யோசித்தது.

"அப்படிங்களா, பத்திரமா போயிட்டு வரச் சொல்லுங்க. இன்னிக்கு உங்க வீடு பச்சை."

முத்துக்குமார் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். நான் வாயே திறக்கவில்லை.